ரீடிங்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் பின்கட்டு லேபில்
காலை பத்தே காலுக்குக் குக்கர் விசில் விடும்.
வராண்டாவில் இருப்பவர்கள்
சோறு என்று நினைத்துக்கொள்வார்கள்.
உள்ளே கொதிப்பது
நான்கு மைக்ரான் கனத்தில் சீவிய இரைப்பை.

ஃபார்மலினில் இறுகிப்போன புரதம்
கொதியில்தான் முகம் காட்டும்.
பிறகு எதிர்ப்பொருள் ஒரு சொட்டு,
ஈரப் பஞ்சு விரித்த டப்பாவில் ஒரு மணி நேரம்,
கழுவல், மறுபடி கழுவல்,
கடைசியில் பழுப்பு.
வந்தால் வரும்.

எண் 1163. கோயில்பிச்சை, ஐம்பத்தேழு, சேரன்மகாதேவி.
முப்பது வருஷம் மின்வாரியத்தில் கணக்கெடுத்தவர்.
நாய் கட்டிய வீடு, கட்டாத வீடு,
பூட்டிய வீட்டின் சுவரேறி எட்டிப் பார்த்தும்
அட்டையில் எண் எழுதியவர்.
ஆறு மாசமாய்ச் சோறு இறங்கவில்லை.
ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று கேட்கிறார்:
"தாயி, நம்ம ரீடிங் எத்தன?"

சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்.
"நாளைக்கு வாங்க சார்."
"நானும் அப்படித்தான் சொல்லுவேன்,
பில்லு கூடுதலா இருந்தா."

ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும்
வேறொருவர் சதை ஒட்டியிருக்கும், சாட்சிக்கு.
எங்கள் சாட்சி
ஏர்வாடிக்காரி ஒருத்தியின் மார்புக் கட்டி.
அவள் போய் மூன்று வருஷம்.
அவள் பழுப்பானால்தான்
அன்றைக்கு மற்றவர்கள் சொல்வது நிஜம்.
ஒரு நாளும் அவள் பொய் சொன்னதில்லை.
மெழுகுக் கட்டை தேய்ந்து வருகிறது,
இன்னும் நாற்பது சீவல் வரும்.

லென்சின் கீழே ஹெர்-டூ.
நிறமே இல்லையென்றால் பூஜ்யம்.
செல்லைச் சுற்றி முள்வேலியாய் அழுத்தி வந்தால் மூன்று.
மூன்று வேகமாய்ப் பரவும் என்பார்கள்;
அந்த மூன்றுக்குத்தான் மருந்தும் உண்டு.
நான் என்னவென்று வேண்டிக்கொள்ள?
கெட்டது நன்றாகவே கெட்டதாய் இருக்கட்டும் என்றா?
வேண்டிக்கொண்டேன்.
முருகன்குறிச்சியில் பஸ் நின்றபோது,
சில்லறைக்குக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே.

டாக்டர் கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"ரெண்டு."

இரண்டென்றால் தெரியவில்லை என்று அர்த்தம்.
பாதியில் நிறுத்திய வேலி.
கட்டை சென்னைக்குப் போகும்,
அங்கே ஜீனை எண்ணுவார்கள்,
மூன்று வாரம்.

சாயங்காலம் கோயில்பிச்சை திரும்பவும் ஜன்னலுக்கு வந்தார்.
டாக்டர் சொல்லிவிட்டாராம்.
பெல்ட்டில் புதிதாய் ஒரு ஓட்டை போட்டிருந்தது.
"வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னா
போன தடவக் கணக்கையே போட்டுட்டு வந்திருவோம் தாயி.
அதுவும் ரீடிங்குதாம்லா."
நான் தலையாட்டினேன்.
பஸ் வருதா என்று ரோட்டைப் பார்த்தார்.
வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

கூரியர் பையில் 1163-ஐ வைத்தேன்.
அங்கே அவர்களுக்கு வேறு சாட்சி உண்டு,
தெரியும்.
ஏர்வாடிக்காரியின் சீவல் ஒன்றையும்
கூடவே வைத்து ஒட்டினேன்.