நீர் என்கிற கட்டம்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்.
விடியற்காலை மூன்றே முக்கால்.
சிட்டையின் முதல் பக்கத்தில்
வீரணன் அண்ணன் போட்ட பிள்ளையார் சுழி.
அங்கிருந்து மல்லி, பிச்சி, முல்லை,
எடை, விலை, கமிஷன் என்று
அவர் கணக்கை எழுதிப் போகிறேன்.

கடைசிப் பக்கத்திலிருந்து
பின்னோக்கி
உமக்கு எழுதுகிறேன்.

முழங்காலில் நின்றால்
என் வாயில் வருவது பாஸ்டர் குரல்.
கிருபையும் மகத்துவமும் பொருந்திய என்று தொடங்கி
ஆமென் சொல்லி எழுந்த பிறகுதான்
சொல்ல வந்தது ஞாபகம் வரும்.
பேனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.
தேதி போட்டுவிட்டால்
அடுத்து என்ன நடந்தது என்று கேட்கிறது.

நவம்பர் ஆறு.
ரோஸ்லின் இன்றும் பேசவில்லை.
தப்பு என் பேரில்தான். எண்பது சதவீதம்.

நவம்பர் ஒன்பது.
மழை. வரத்து இல்லை.
நீர்

அதற்கு மேல் ஓடவில்லை.
பக்கத்துச் சாக்கின் ஈரம் பட்டு
அந்த ஒரு சொல்லும் ஊதாவாய்ப் பரவிக் கிடக்கிறது.

நவம்பர் பதினாலு.
மூன்று நாளாக எழுதாமல் தள்ளியது:
உசிலம்பட்டி ஒச்சம்மாள், மல்லி, இரண்டு கிலோ நானூறு.
தெளித்துக் கொண்டுவரும் பூவுக்கு
கிலோவுக்கு நூறு கிராம் கழிப்போம்.
சிட்டையில் அந்தக் கட்டத்துக்கு 'நீர்' என்று பேர்.
அவள் கொண்டுவந்தது
சொட்டு ஈரமில்லாத மொட்டு.
தொட்டுப் பார்த்தேன், தெரிந்தது.
வரிசை நீளம். அண்ணன் அவசரம்.
கை கழித்துவிட்டது.
நீர் இல்லாத பூவில்
நீருக்கென்று கழித்தேன்.

எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.
அந்த வரியில் நீர் இருந்தீர்,
நான் வைத்த அர்த்தத்தில் அல்ல.

இருநூற்று நாற்பது கிராம்.
அன்றைய விலைக்கு இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய்.

நவம்பர் பதினாறு.
ஒச்சம்மாள் கையில் இருநூற்று எண்பது கொடுத்தேன்.
எதற்கு என்று கேட்பாள், சொல்ல வேண்டும் என்று
வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.
அவள் எண்ணிப் பார்த்துவிட்டு,
"இன்னும் எட்டு ரூவா" என்றாள்.

அவளும் எங்கோ எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படியே போனால் பங்குனிக்குள்
முன்னாலிருந்து வரும் கணக்கும்
பின்னாலிருந்து வரும் கணக்கும்
நடுத்தாளில் முட்டிக்கொள்ளும்.
இன்று அண்ணனே புரட்டிவிட்டார்.
"என்ன தாசையா, பின்னாடி ஒரு பார்ட்டி ஓடுது,
பேரக் காணோம்?"
"பழைய பாக்கிண்ணே."
"நமக்கு வரணுமா?"
"இல்லண்ணே. நான் குடுக்கணும்."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
"நெருக்கி எழுது. தாளு விக்கிற வெல."

நவம்பர் பதினெட்டு.
டப்பாவில் தோசையோடு பொடி வைத்திருந்தாள் ரோஸ்லின்.
பொடியில் குழி பறித்து
நல்லெண்ணெயும் விட்டிருந்தாள்.
பற்றா, வரவா,
எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை.
இங்கே எழுதி வைக்கிறேன்.