எந்த வெர்ஷன் வரைக்கும்

புது பிரவுசர் அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
டேப்புகளை இடப்பக்கம் அடுக்கலாம்,
போச்சம்பள்ளிக்கு ஒரு நிறம், பர்கூருக்கு ஒரு நிறம்.
இருட்டினால் தானே கறுத்துக்கொள்கிறது.
நாற்பது பக்கம் திறந்தாலும் என் கிழட்டு லேப்டாப்
கிரானைட் அறுக்கும் பட்டறை மாதிரி அலறுவதில்லை.

பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தேன்.
தேவையில்லாத பொத்தான்களைப் பிடித்திழுத்து வெளியே போட்டேன்.
நாற்பத்தாறு வயதுக்குத் தக்கபடி எழுத்தைப் பெரிதாக்கினேன்.
பிறகு நீட்சிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
விளம்பரத்தை மறைப்பது வந்தது.
கடவுச்சொல் காப்பது வந்தது.
தமிழ்த் தட்டச்சு முரண்டுபிடித்து
ழகரத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு வந்தது.
சிவப்பு மை வரவில்லை.
சாம்பல் நிறத்தில் பெயர், கீழே ஒரு வரி:
இந்தப் பதிப்போடு பொருந்தாது,
ஆக்கியவரைத் தொடர்புகொள்ளவும்.

ஆக்கியவர்: இம்தியாஸ்.

சிவப்பு மை என்ன செய்யும் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
நம் கொள்முதல் பில்லும் அரசாங்கத் தளமும்
ஒத்துப்போகாத இடத்தில் ஒரு கோடு போடும். அவ்வளவுதான்.
மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு அந்தக் கோடு
நான்கு லட்சத்தைக் காப்பாற்றியது.
அதை ஒரு நோன்பு மாத இரவில்,
கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே இதே மாடியறையில்,
சஹருக்கு வீட்டிலிருந்து போன் வரும்வரை உட்கார்ந்து எழுதினான்.
நான் எதிரில் பில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
பெயர்ப்பலகையில் அப்போது இரண்டு பெயர்.
அந்த ஆலை கொடுத்த ஃபீஸில்
பதினெட்டாயிரம் யாருக்கு என்பதில் பிரிந்தோம்.
அவன் பெயர் இருந்த இடத்தில்
ஜெராக்ஸ் எடுக்கப்படும் என்று எழுதச் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம்,
கூட்டுத்தொழிலுக்கு ஒன்றுகூடப் பார்ப்பதில்லை.

சரி, தராசைத் தூக்கினேன்.
ஒரு தட்டில் வேகம், நிறம், பாதுகாப்பு.
பழையது கதவில்லாத வீடு என்று
வாரம் இரண்டுமுறை எச்சரிக்கை வருகிறது.
மறு தட்டில் ஒரு சிவப்புக் கோடு.
வேறு நீட்சி இல்லாமலில்லை.
மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஒன்றைப் போட்டேன்,
அது எல்லாவற்றையும் சிவப்பாக்கியது,
எங்கள் முகவரி உட்பட.

இரண்டையும் வைத்துக்கொண்டேன்.
பழையதில் சரிபார்த்து, புதியதில் தாக்கல்.
மூன்று நாள் ஓடியது,
இரண்டு வீட்டுக்காரன் பிழைப்பு.
இங்கே வைத்த கோப்பை அங்கே தேடுவது,
அங்கே சொன்ன ஓடிபியை இங்கே கொட்டுவது.
இன்று ஜூன் பதினெட்டு. இருபதாம் தேதி கடைசி.
முப்பத்தொரு கட்சிக்காரர்கள் பாக்கி.

நேற்றிரவு அந்தச் சாம்பல் வரியைப் படமெடுத்து
அவனுக்கு அனுப்பினேன்.
ஒரு சொல்லும் எழுதவில்லை.
எழுத வந்ததெல்லாம் அதிலேயே இருந்தது.
அதற்கு மேலே, இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடைசிச் செய்தி:
சாவியை பேக்கரியில குடுத்திருக்கேன்.

காலையில் பார்த்தால் பதில்,
நாலு மணி பத்து நிமிஷத்துக்கு வந்தது:
எந்த வெர்ஷன் வரைக்கும் ஓடுச்சு?

நலமா இல்லை, எதற்கு இப்போது என்றும் இல்லை.
அவன் அப்படித்தான்.

எண்ணைப் பார்க்கலாம் என்று பழையதில்
'அறிமுகம்' பக்கத்தைத் திறந்தேன்.
வயதைக் கேட்டால் உடனே
இளமையாகத் தொடங்கிவிடும் அது.
மறந்தே போனேன்.
வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.
புதுப்பிப்பு இறங்குகிறது, பன்னிரண்டு சதவீதம்.

மேசைக்கடியில் குனிந்து
நெட் வயரைப் பிடித்தபடி இருக்கிறேன்.
மறு கையில் போன்.
டைப் செய்கிறார் என்று காட்டுகிறது,
நிற்கிறது,
மறுபடி காட்டுகிறது.