ஒப்புக்கு ஒரு குழாய்

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமாயிகி ஆறு உறைந்து கிடக்கிறது.
கரையில் யாரோ நாயோடு நடக்கிறார்,
நாயின் மூச்சு மட்டும் இங்கிருந்து தெரிகிறது.

ஆய்வுக்கூடத்தில் என் எதிர் மேசை
ஊர்வெ கல்லஸ்தேயுடையது. வயது நாற்பத்தேழு.
குழாய்களில் எண் எழுதும்போது
நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள்.

இருபத்திரண்டு பெண்களின் ரத்தம்.
மேமோகிராம் படத்தில் மூடுபனி போல
ஒன்றும் சொல்லாமல் நின்ற மார்புகள்.
படம் சொல்லாததை
ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகள்
சொல்லுமா என்பதுதான் கேள்வி.

ஒருநாள் கருப்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி
"மெத்திலை உன் மொழியில் எப்படி விளக்குவாய்?" என்றாள்.
காகிதத் துண்டில் 'க' எழுதினேன்.
தலைமேல் ஒரு புள்ளி வைத்தேன்.
எழுத்து அப்படியே இருக்கிறது,
உள்ளேயிருந்த உயிர் போய்விட்டது.
இதற்குப் பெயர்?
மெய்.
உடம்புக்கும் அதுதான் பெயர் என்றேன்.
உண்மைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் மைக்ரோவேவ் மணி அடித்தது.

அப்படித்தான்.
கட்டியை அடக்கிவைக்கும் மரபணுவின் வாசலில்
புள்ளிகள் விழுகின்றன.
ஓர் எழுத்தும் திரியவில்லை, உதிரவில்லை.
காவலாளி வேலைக்கு வந்திருக்கிறார்,
வாய்தான் திறப்பதில்லை.

பைசல்ஃபைட்டில் இரவு முழுக்க ஊறவைத்தால்
புள்ளியில்லாத சைட்டோசின்கள் வேறெழுத்தாகிவிடும்.
புள்ளி வாங்கியவை பிடிவாதமாய் நிற்கும்.
ஊமையாக்கப்பட்டதே
சாட்சிக்கு மிஞ்சுகிறது.

வெள்ளிக்கிழமை. திரையில் வளைகோடுகள்.
ஏழாவது குழாய் எழும்பியது, பிறகு பதினெட்டு.
எதிர்பார்த்ததுதான்.
வெறும் தண்ணீர்க் குழாய் படுத்தே கிடந்தது. அதுவும் சரி.
ஒப்பிட வைத்த "நலமானவர்" குழாய்
மெல்ல, முப்பத்தொன்றாம் சுற்றில்,
தலைதூக்கியது.

அது ஊர்வெயின் ரத்தம்.
அக்டோபரில் ஆள் கிடைக்காமல்
ஒப்புக்கு அவளே கை நீட்டியிருந்தாள்.

எங்கோ கலந்திருக்கும் என்றாள்.
பிப்பெட் முனைகளைப் புதுப்பெட்டியிலிருந்து எடுத்தாள்.
சனிக்கிழமை மறுபடி அவள்.
ஞாயிறு, அவளுக்குத் தெரியாமல், நான்.
மூன்று முறையும் தண்ணீர்
தண்ணீராகவே இருந்தது.

இது தீர்ப்பில்லை ஊர்வெ, ஒரு சைகை,
பொய்யாகவும் போகலாம்
என்று சொல்வதற்கு எடுத்து வைத்திருந்தேன்.
திங்கள் காலை அவள் கோட்டைக் கழற்றவில்லை.
குறிப்பேட்டில் "நலமானவர்" என்பதை
ஒற்றைக் கோட்டால் அடித்தாள்.
எங்கள் விதி அது, சுரண்டி அழிக்கக் கூடாது,
அடித்ததும் படிக்கக் கிடைக்க வேண்டும்.
பக்கத்தில் தேதி, கையெழுத்து.
பிறகு பாலத்தைத் தாண்டி
மருத்துவமனைக்கு நடந்தே போனாள்.

அடுத்த தொகுதி வந்துவிட்டது.
ஒப்பிட ஒரு ரத்தம் வேண்டும்.
நலமானவர் யாராவது, என்று கூடத்தில் கேட்டேன்.
மாரிலீஸ் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினாள்,
முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தாள்.