கைபேசி எண் என்ற கட்டத்தில்

புன்டா அரீனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு கயிற்றைப் பிடித்தபடிதான்
தொழில்நுட்பக் கல்லூரிக்குள் போனேன்.
பையில் மடிக்கணினி,
அதற்குள் இன்னும் பெயர் வைக்காத ரோபோ.
கையில்லை, காலில்லை.
ஒரு ஜன்னலில் படித்து
இன்னொரு ஜன்னலில் தட்டும்.
சம்பளம் கேட்காது, சளி பிடிக்காது.

பதிவு அலுவலகத்தில் எர்சிலியா மன்சீயா.
பத்தொன்பது வருடம், அதே நாற்காலி.
"வழக்கம்போல வேலை பாருங்கள்,
திரையைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று
ஒரு வாரம் ஓடட்டும்" என்று சொல்லி
விமானம் ஏறினேன்.

சான்டியாகோவில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன்.
பெயர். அடையாள எண். கட்டண நிலுவை.
நிலுவை என்றால் சேர்க்கை ரத்து. அடுத்தவர்.
சில பெயர்களில் மட்டும் சுட்டி அசையவேயில்லை,
ஆறு நிமிடம், ஒன்பது,
ஒருமுறை இருபத்திரண்டு.
கேட்டதற்கு
"கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்" என்று பதில் வந்தது.
நான் அறிக்கையில் எழுதினேன்:
வெற்று நேரம். நீக்கலாம்.
நான்கு நாள் வேலை இனி ஒன்பது நிமிடம்.
முதல்வர் பராயா கேக் வெட்டினார்.
ரோபோவுக்குப் பென்குயின் என்று பெயர்.

முதல் இரவு, மூன்று மணி.
பதினாறு பேரின் கணக்கை முடித்துவிட்டுப்
பதினேழாவதில் நின்றது பென்குயின்.
பிழை: கைபேசி எண் கட்டத்தில் எழுத்துகள்.
மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது.
அது பிடித்த முயலுக்கு மூன்றே கால்;
எண் என்றால் எண்.

கட்டத்தைத் திறந்தேன்.
ஒன்பது இலக்கங்களை ஒட்டி, இடைவெளிகூட இல்லாமல்:
ஆறு மணிக்கு மேல். பகலில் நண்டுப் படகில்.
அடுத்ததில்:
அப்பாவிடம் சொல்லாதே. அத்தையைக் கேள்.
மே பத்து கட்டுவான். கட்டுவான்.
(இரண்டு தடவை எழுதியிருந்தாள்.)
திக்கித் திக்கிப் பேசுவான், அவசரப்படுத்தாதே.
அழுகிறாள். நாளைக்குக் கூப்பிடு.

குறிப்பு எழுத அந்த மென்பொருளில் இடமே கிடையாது.
அதை விற்றதும் நாங்கள்தான்.
நான் பதிவு செய்தது திரையை,
குரலை அல்ல.

தாண்டிப் போன பதினாறு பேரின் எண்கள்
சுத்தமாக இருந்தன.
சுத்தம் என்றால்
அவள் இன்னும் அவர்களைக் கூப்பிடவில்லை
என்று பொருள்.

மேலாளர் சொன்னார்:
எழுத்துகளை உதிர்த்துவிடு, ஒரே வரி நிரல்.
ஒரே வரிதான்.
நான் வேறொரு வரி எழுதினேன்:
எழுத்து இருந்தால் ரத்து செய்யாதே,
எர்சிலியாவுக்கு அனுப்பு.
காரணம் கேட்ட கட்டத்தில்
'தரவில் தரக்குறைபாடு' என்று நிரப்பினேன்.
பொய்யில்லை.
நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்,
அந்த வரிக்கு அரைமணி நேரக் கூலி வாங்கினேன்.
பதினாறு பேரில் ஐவர் திரும்பியதாகக் கேள்வி.
மற்றவர்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

அடுத்த ஏப்ரல்.
மூன்று மணிக்கு எழுந்த பென்குயின்
மூன்று ஒன்பதுக்கு வேலையை முடித்தது.
ஒரு பிழையும் இல்லை.
நிலுவையில் இருப்பவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
ரத்து: பூஜ்யம்.
ஆளுக்கு அனுப்பியவை: அறுநூற்றுப் பன்னிரண்டு.

திறந்து பார்த்தேன்.
ஒவ்வொரு எண்ணின் வாலிலும்
ஒரே ஒரு எழுத்து,
அவள் பெயரின் முதல் எழுத்து.
வேறு குறிப்பு எதுவும் இல்லை.
எத்தனை இரவு உட்கார்ந்து தட்டினாளோ,
அறுநூற்றுப் பன்னிரண்டு முறை
ஒற்றை விரலால்.

மேலாளரின் அழைப்பு வருகிறது.
எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்பார்.
கொஞ்சம் பொறுங்கள் என்றேன்,
கெட்டிலில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.