இரண்டு விரற்கடை

புளிச்சைத் தண்டுகளைக் குட்டையில் ஊறப்போட்ட
மூன்றாம் வாரம்
மோட்டார்சைக்கிளில் எனக்கு முன்னால் இருந்த யம்பா
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டான்.
"ரஸ்மாதா, குளித்தாயா?"
குளித்தேன். இரண்டு முறை.
அழுகிய தண்டின் வாடை
தோலுக்கடியில் குடிவந்துவிட்டது.

காயாவில் சிமெண்டின் விலை
அதை ஏற்றிவரும் லாரியைவிட வேகமாக ஓடும்.
செம்மண் மட்டும்
கேட்பாரற்றுக் காலடியில் கிடக்கிறது.

முதல் தடவை பேராசை.
நார் கூடினால் பலம் கூடும் என்றான் நூஃபு,
நானும் நம்பினேன்.
கலவைக்குள் நார்
சீப்பில் சிக்கிய முடிபோல உருண்டது.
அச்சிலிருந்து எடுத்த கல்லை
எடுத்த விரலே பிய்த்தது.
மண்ணை மண் தொட இடமில்லை.

பிறகு குறைத்தோம்.
நூறு கிலோ மண்ணுக்கு அரைக் கிலோ நார்.
நீளம் இரண்டு விரற்கடை.
தலாதோ கட்டையில் கோடு கீறினாள்.
கத்தி, கட்டை, கத்தி, கட்டை,
கை மரத்துப்போகும்வரை.
மூன்றாம் நாள் யாருடைய ஆடோ வேலி தாண்டி வந்து
பாதி மூட்டையைத் தின்றுவிட்டது.
ஆட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்:
"இதற்கு ஏதாவது ஆகிவிடுமா?"
"இனி விரிசல் விடாது" என்றாள் தலாதோ.

இருபத்தெட்டு நாள் நிழலில் காயவைத்து
கற்களை வாகடூகுவுக்குக் கொண்டுபோனோம்.
ஒப்பந்தக்காரர் கிந்தாவும் வந்திருந்தார்,
கைகளைப் பின்னால் கட்டியபடி.

முதலில் நார் இல்லாத கல்.
முள் ஏறியது, ஏறியது,
டப்.
இரண்டு துண்டு, கொஞ்சம் தூசு.

அடுத்தது எங்களுடையது.
கிட்டத்தட்ட அதே எண்ணில்தான் கீறல் விழுந்தது.
"இதற்கா இத்தனை நாற்றம்?" என்றார் கிந்தா.
எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஆனால் முள்
பூச்சியத்துக்குப் பாயவில்லை.
நிறைமாதக்காரி படியிறங்குவதுபோல
நின்று
நின்று
இறங்கியது.

கல்லின் ஒரு முனையைத் தூக்கினேன்.
மறுபாதி விழாமல் தொங்கி ஆடியது.
பிளவுக்குள் நார்கள்
விறைத்து நின்றன.

கிந்தா இப்போது சிரிக்கவில்லை.
போன ஜூன் மழையில்
அவர் கட்டிய பள்ளிச் சுவர் சரிந்ததை
ஊரே அறியும். ஞாயிற்றுக்கிழமை.
வகுப்பில் யாருமில்லை.

"கீறல் விட்ட பிறகு
எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார்.
ஆய்வுக்கூடத்துப் பையன் படிவத்தைப் புரட்டினான்.
உச்ச எடைக்குத்தான் அதில் கட்டம் இருந்தது.
"மறுபடி வையுங்கள்" என்றார் கிந்தா,
கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி.

இருட்டிய பிறகு பேருந்து நிலையத்துக்கு யம்பா வந்தான்.
மடியில் கல்லை வைத்துக்கொண்டேன்.
குழிக்குக் குழி
அது வாய் திறந்து மூடியது.
"உடைந்ததை எதற்குச் சுமக்கிறாய்?
மெதுவாக ஓட்டட்டுமா?"
"வேண்டாம்.
குழி பார்த்து ஏற்று."