வியாழக்கிழமை மேசை

பீல் நகர ஸ்டேஷனுக்குப் பின்னால்
பியர் ஈரத்தில் அட்டைகள் ஒட்டிக்கிடக்கும் மேசை.
இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை.
வரிக் கணக்கர் ரேத்தோ, பாசித்தாடி.
பல் மருத்துவர் கொரின், நத்தை நாலு.
மரத்தில் டப்பா என்றால்
விழுந்த மறுநாளே மறுபடி ஏறுவதால்
நான் வேதாளம்.
கதை சொல்லிவிட்டேன்,
முருங்கைக்குத்தான் ஜெர்மனில் சொல் தெரியவில்லை.

'டி.என்.எஃப்.' என்றால்
தேடினேன், கிடைக்கவில்லை.
சொன்னவர் எல்லோருக்கும் ஒரு ரவுண்டு வாங்கவேண்டும்.

இன்று நான்.
ஷுஸ் ஆற்றுப் பாலத்தடியில்
கம்பிக்குக் கீழே விரல்விட்டுத் துழாவுகையில்
முகத்தில் டார்ச்.
"என்ன தொலைத்தீர்கள்?"
"ஒன்றுமில்லை. வேறு யாரோ ஒளித்தது."
அடையாள அட்டை. பை. ஜாக்கெட். காலணி.
சுண்டுவிரல் நகமளவு காந்த டப்பாவை
அவனுக்கு எந்த மொழியில் விளக்குவது,
இந்த ஊரில் மொழி இரண்டிருந்தும்?

மேசை குலுங்கிச் சிரித்தது.
நானும்தான், காலணி வரும்வரை.

பாசித்தாடி பியரைத் தொடவில்லை.
"பத்தொன்பது வருஷம்," என்றார்,
"அந்தப் பாலத்தடியில், நடுராத்திரியில்கூட.
என்னை ஒருவரும் கேட்டதில்லை."

கொரின் அட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பில்லை அவரே எடுத்தார்.
கோட்டை மாட்டியபடி,
"வா வேதாளம், இப்போதே போவோம்.
நான் துழாவுகிறேன்.
டார்ச் நீ பிடி."