மூடுபனி இரவின் விலை

பதினோரு மணிக்கு மேல் கைபேசியில் அறை தேடாதீர்கள்.
உங்கள் பதற்றம் அதற்குத் தெரிந்துவிடும்,
தேடத் தேட ஏற்றும்.
நேரே கூப்பிடுங்கள். ஏழாவது மணிவரை எடுக்க மாட்டேன்,
கெட்டில் கொதிக்கிற சத்தத்தில் காதில் விழாது.
எட்டாவதில் எடுப்பேன். கர்லிகாஷ்,
இரவுப் பணி, பதினான்கு அறைகள்,
அல்மாட்டி விமான நிலையத்துக்குப் பின்பக்கம்
டயர்க் கடைக்கு மேல்மாடி.

டிசம்பரில் இந்த ஊர் முதலில் மலையைத் தொலைக்கும்.
பிறகு ஓடுபாதையை.
பிறகு எதிரே நிற்பவரின் தொப்பியை.
பலகையில் அத்திராவ், அக்தாவ், கிசிலோர்தா
ஒவ்வொன்றாகச் சிவக்கும்.
அப்போது வரிசையின் முன்னால் போய்க் கத்தாதீர்கள்,
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண்
பனியை இறக்குமதி செய்யவில்லை.
தாமதம் என்று முத்திரை குத்திய காகிதம் கேளுங்கள்.
சாப்பாட்டுச் சீட்டு கேளுங்கள்.
இல்லையென்றால் வெந்நீராவது கேளுங்கள்.
கேட்காமல் கிடைத்தது, எனக்குத் தெரிந்து,
இருமல் மட்டும்தான்.

அன்று அர்காதி ஹெகாய் வந்தார்.
காலுறைவரை ஈரம், கையில் ஒரு மிட்டாய் டப்பா.
பன்னிரண்டாயிரம் என்றேன்.
சன்னல் வேண்டாம் என்றார். பத்து.
காலை உணவு வேண்டாம். ஒன்பது.
கொதிகலனை ஒட்டிய அறை போதும். எட்டு.
இப்படித்தான் இறக்க வேண்டும்,
வேண்டாததைச் சொல்லிச் சொல்லி.
கெஞ்சுகிறவர்களுக்கு
நான் ஒரு தெங்கே குறைத்ததில்லை.

பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார்.
இளஞ்சிவப்பு ஈறில் இருபத்தெட்டுப் பற்கள்
பஞ்சின்மேல் படுத்திருந்தன.
அத்திராவில் நாளை மதியம் கல்யாணம்.
முந்நூறு பேர் முன்னால் வாழ்த்துச் சொல்லி
விருந்தை நடத்த வேண்டிய ஸபர்காலிக்கு
வாயில் ஒன்றுமில்லை.
பெட்டியில் போட்டிருக்கலாமே என்றேன்.
"பல்லை யாராவது சரக்கில் போடுவார்களா?"
இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்கு வரவேற்பறையில் ஒன்பது பேர்,
'இன்னும் ஒரு மணி நேரம்' என்ற அறிவிப்பை நான்கு தடவை நம்பி
அறை எடுக்காமல், ஷூ கழற்றாமல்.
ஹெகாய் போனை மேசையில் வைத்து
ஸபர்காலியைக் கூப்பிட்டார், ஒலியைக் கூட்டினார்.
அந்தப் பக்கம் பல்லில்லாத குரல்
மணமக்களை வாழ்த்திப் பழகிக்கொண்டிருந்தது.
சகரமெல்லாம் வெறும் காற்று.
முதலில் எல்லோரும் இருமுவதுபோல் நடித்தார்கள்.
ஒரு எண்ணெய்க்குழாய்ப் பொறியாளர் தாங்காமல் வெடிக்க,
போனுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது,
வழவழவென்று, ஈறு மட்டும் சிரிக்கிற சிரிப்பு.
அப்புறம் யாரும் மணி பார்க்கவில்லை.

ஐந்து பத்துக்குப் பனி ஓரமாக ஒதுங்கியது.
படிக்கட்டில் பத்து பேரின் ஓட்டம்.
நான் கோப்பைகளை எடுக்க வந்தேன்.
சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மிட்டாய் டப்பா.

செருப்போடு ஓடினேன். கோட்டு போடவில்லை.
டாக்ஸிக்காரன் அந்த நேரத்திலும் மூவாயிரம் என்றான்,
நான் டப்பாவைத் திறந்தேன்,
பேசாமல் ஓட்டினான்.
உள்ளே போனால் ஹெகாய் பரிசோதனை வாயிலில் நின்று
எல்லாப் பைகளிலும் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்,
கூப்பிடும் அறிவிப்பு இரண்டாம் தடவை முடிகிறது.
அந்தக் கணத்தில் பலகை மறுபடி சிவந்தது,
அத்திராவ், நாற்பது நிமிடம்.
கூடம் முழுக்க ஓர் 'ஐயோ'.
இரண்டு பேர் மட்டும்
வாயெல்லாம் பல்லாக நின்றோம்.
மூன்றாவது ஆளின் பல் டப்பாவில்.

திரும்பி வந்தபோது
கெட்டில் வற்றிக் கருகியிருந்தது.
முதலாளிக்கு இன்னும் தெரியாது.
போன் அடித்துக்கொண்டிருந்தது, எத்தனையாவதோ.
இருக்கிறது, கொதிகலன் பக்கத்து அறை,
மெத்தையில் இன்னும் சூடு ஆறவில்லை.
பத்தாயிரம் என்பேன்.
நீங்கள்தான் சொல்ல வேண்டும்,
சன்னல் வேண்டாம் என்று.